கத்திப்பாராவில் கோட்டை விட்ட வளைவு

சென்னையில் 2008இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலம் மேலிருந்து எடுத்த படத்தில் நாலு இதழ் விரித்த பூ. சரி, நாம் என்ன ட்ரோனிலா போகிறோம்? பைக்கில் போகிறவனுக்கு அது வெறும் இடியாப்பம். வடபழனியிலிருந்து மீனம்பாக்கம் போக வலது பக்கம் திரும்பணும் இல்லையா? அதற்கு முதலில் பாலத்தைத் தாண்டி, அப்புறம் இடது பக்கம் ஒடித்து, ஒரு சுற்று சுற்றணும்! பலகையைப் படிப்பதற்குள் பின்னால் பேருந்துக்காரர் ஹாரனிலேயே திட்டுகிறார். பதறிப்போய் முந்தின வளைவிலேயே ஒடித்தேன். நேரே கிண்டி. திரும்பி வந்து, மறுபடியும் ஒரு வளைவு தப்பி...

"அப்பா, இந்த நேரு சிலையை அப்போவே பார்த்தோமே?" என்கிறாள் பின்னாலிருந்து மகள்.