60-இல் புகை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

கோலாலம்பூரில் விடியற்காலை ஆறு மணிக்குக் குடியிருப்பு வாட்சப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும்: பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள், கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற அளவு) அறுபது. மதியம் பார்த்தால் இருபது. அதற்குள் நாலு பேர் "காத்து நாசமாப் போச்சு" என்று பகிர்ந்திருப்பார்கள். அந்த அறுபதில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீராக இருக்கலாம். பல்கலைக்கழகப் பொறியியல் துறைகளில் சென்சார் ஆய்வு செய்யும் நம் பிள்ளைகள் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இதோடுதான். ஆனால் நடப்பது என்ன? டாஷ்போர்டுக்கு ரெண்டு மாசம், கேலிப்ரேஷனுக்கு (நல்ல கருவியோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு) ஒரு மத்தியானம்.

பிஎம்எஸ்5003 மாதிரி மலிவு சென்சார் எதையும் எடை போடுவதில்லை. சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் அதன்மேல் படும், சிதறும் ஒளியை வைத்து எடையை ஊகிக்கும். ஈரப்பதம் 75, 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். சென்சாருக்கு அதுவும் தூசிதான். இங்கே விடியும் நேரத்தில் ஈரப்பதம் 90-ஐத் தொடுவது சாதாரணம். விலை உயர்ந்த நிலையக் கருவிகள் காற்றைச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு அளக்கின்றன. பிள்ளைகள் செய்யும் சென்சார் பெட்டியில் அந்த வசதி கிடையாது.

இதற்குக் கப்பா திருத்தம் என்று ஒன்று உண்டு. கப்பா என்பது துகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதைச் சொல்லும் எண். ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைப்போம். 1-ஐ 0.85-ஆல் வகுத்து 1 கழித்தால் 0.176. கப்பாவை 1.65-ஆல் (துகளின் அடர்த்தி) வகுத்து, வருவதை மறுபடி 0.176-ஆல் வகுத்து 1 கூட்டினால் காரணி கிடைக்கும். கப்பா 0.4 என்றால் காரணி 2.37. சென்சார் காட்டும் அறுபதை அதனால் வகுத்தால் 25 ஆகிவிடும்.

சிக்கல் இங்கேதான். அந்த 0.4 பெரும்பாலும் வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தது. சல்ஃபேட், நைட்ரேட் உப்புகள் நிறைந்த நகரக் காற்றுக்குப் பொருந்துவது. 1997, 2005, 2015, 2019 என்று நாம் பார்த்த புகைமூட்டம் கரிநிலமும் காடும் எரிந்து வந்தது. அந்தப் புகைத்துகள் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. கப்பாவை 0.1 என்று போட்டால் காரணி 1.34 மட்டுமே, அறுபது 45-இல் நிற்கும். அதாவது சும்மா நாளுக்குச் சரியாக இருக்கும் சூத்திரம், புகைமூட்ட நாளில் உண்மையான புகையைத் துடைத்துக் காட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று ஒரு தாய் பார்க்கும் எண் அது.

ஆகவே பத்து பெட்டி செய்தால் ஒன்பதை ஊருக்குள் வையுங்கள், ஒன்றை நல்ல நிலையக் கருவியின் பக்கத்திலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். புகைமூட்டம் சொல்லிவிட்டு வராது. ஊருக்குப் போகும் ஒன்பதும் முதலில் இரண்டு வாரமாவது அந்த ஒன்றோடு சேர்ந்து ஓடட்டும். மணிச் சராசரி எடுத்து, நிலையக் கருவியின் எண்ணோடு ஒப்பிட்டு, ஈரப்பதம் 70-க்குக் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு என்று தனித்தனியாகப் போட்டுப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். ஆர்-ஸ்கொயர் (இரண்டு கருவியும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, முழு ஒற்றுமைக்கு 1) 0.95 என்று மார்தட்ட வேண்டாம். புகைமூட்ட வாரத்தில் 10-இலிருந்து 200 வரை ஏறி இறங்கும் காற்றில் எந்தச் சென்சாரும் அதைக் காட்டும். அந்தக் கோட்டின் சாய்வையும், அது அச்சை வெட்டும் புள்ளியையும் எழுதுங்கள். தயாரிப்பாளர் தாளே 100-க்குக் கீழ் கூட்டியோ குறைத்தோ 10 மைக்ரோகிராம் பிழை வரும் என்கிறது. காற்று 20 ஆக இருக்கும் நாளில் அது பாதி!

பெட்டியும் ஏமாற்றும். வெளியே 27 டிகிரி, 85 சதவீதம். உள்ளே இஎஸ்பி32 (பெட்டியை இயக்கும் சின்னக் கணினிச் சில்லு) சூட்டில் மூன்று டிகிரி ஏறினால் ஈரப்பதச் சென்சார் 71 என்று காட்டும். டிஹெச்டி11 என்ற மலிவு ஈரப்பதச் சென்சார் போட்டிருந்தால் அதன் மேல் இன்னொரு 5 சதவீதப் பிழை; அதைவிடத் துல்லியமான எஸ்ஹெச்டி31 வாங்குங்கள், மின்னணுக் கடைகள் இருக்கும் ஜாலான் பாசாருக்கு ஒரு நடைதானே. ஈரப்பதச் சென்சாரைப் பெட்டியில் எங்கே வைத்துக் கேலிப்ரேட் செய்தீர்களோ, ஊரிலும் அங்கேயே இருக்கட்டும். பெட்டியை மாற்றினால் பழைய சாய்வு செல்லாது. காற்று நுழையும் துளையும் வெளியேறும் துளையும் நடுவில் தடுப்பில்லாமல் இருந்தால் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். சிலந்தி நுழையாமல் துளைக்கு வலை போடுங்கள், ஆனால் ரொம்ப நெருக்கமான வலை ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

நிரலில் இரண்டு இடம். சென்சார் ஒவ்வொரு முறையும் அனுப்பும் 32 பைட்டில் செக்சம் (தகவல் பிசகாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) பார்க்காவிட்டால் திடீரென்று 3000 வரும். அப்புறம், ஒரே துகளுக்கு இரண்டு எண் வருகிறது: தொழிற்சாலை அமைப்பு ஒன்று, வெளிக்காற்று அமைப்பு ஒன்று. குறைந்த அளவில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், புகை ஏறினால் பிரிந்துவிடும். எதை எடுத்தோம் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

எம்க்யூ135 என்ற மலிவு வாயு சென்சாரை வைத்துக் கார்பன்டை ஆக்சைடு பிபிஎம் சொல்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது அம்மோனியாவுக்கும் சாராய ஆவிக்கும் சேர்ந்தே துள்ளும்.

இன்னொன்று, ஏபிஐ-யில் (மலேசியாவின் காற்று மாசுக் குறியீடு) வரும் பி.எம். 2.5 எண் 24 மணி நேரச் சராசரியிலிருந்து கணக்கிடுவது. ஒரு நிமிட மைக்ரோகிராமை ஏபிஐ என்று பெயர் சூட்டித் திரையில் போடாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் உட்காரும் விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். செயலியின் நிறம், பட்டன் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "ஈரப்பதச் சென்சார் பெட்டிக்குள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா?"