கிலோமீட்டரை நம்பி வீடு வாங்காதீர்கள்

புறநகரில் வீடு வாங்க விலையையும் நகரிலிருந்து உள்ள தூரத்தையும் முதலில் பார்க்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. விலை சரி. தூரத்தில்தான் ஏமாந்துபோகிறோம்.

நான் வீடு பார்த்தபோது 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்றார் தரகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காரில் போனால் ஐந்து நிமிடம்தான். குடிவந்த பிறகு திங்கட்கிழமை நடந்து போனேன். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது. அதையும் சேர்த்து 22 நிமிடம். ரயிலுக்குள் இருப்பது 35 நிமிடம். ஆனால் வீட்டைப் பூட்டியதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் வரை ஒன்றரை மணி நேரம்! மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று 1994-ல் எழுதினார் இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி. அந்தக் கணக்கை நான் காலையிலேயே தாண்டிவிடுகிறேன்.

இன்னொன்று, ரயில் கிளம்பும் ஊரா, நடுவில் நிற்கும் ஊரா என்று பாருங்கள். இரண்டு ஸ்டேஷன் தள்ளி, வண்டி கிளம்பும் ஊரில் வாங்கிய நண்பர் தினமும் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிறார். கிட்டத்தில் வாங்கிய நான் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வையுங்கள். அதைத் தவறவிட்டால் டாக்ஸி செலவு வயிற்றெரிச்சல்.

முடிந்தால் அதே ஊரில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், மழைக்காலத்தையும் சேர்த்து. அப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம்.