கட்டுதான் பிரிச்சாச்சே, இன்னும் என்ன?

தலைப்பில் இருக்கும் வாக்கியத்தை இனி யாராவது என் முகத்துக்கு நேரே சொன்னால் நான் பதிலுக்கு என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. நேற்று சாயங்காலம் ஒருவர் சொன்னார். சொன்னதோடு நின்றிருந்தால்கூட பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். அவர் என் கையைப் பிடித்தார். உடைந்த கையை.

முழுசா சொல்கிறேன். நடந்தது அரை நிமிடம்கூட இருக்காது, ஆனால் ராத்திரி முழுக்க எனக்குள் அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு நண்பர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். வந்தவர் நண்பரின் நண்பர், என்னை அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் கையில் கட்டு இல்லாததைக் கவனித்துவிட்டார். நேரே வந்து கையை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒதுக்கினார், ஆமாம், புறங்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, மடியில் தலையணை மேல் வைத்திருந்த என் வலது கையைத் தானே எடுத்துக்கொண்டார். கேட்கவில்லை. "தொடலாமா" என்று ஒரு வார்த்தை இல்லை. மேஜை மேல் கிடக்கும் செய்தித்தாளை எடுத்துப் பார்ப்பவர்கூட "படிச்சிட்டீங்களா" என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார்.

எடுத்தவர் குலுக்கினார். குலுக்கிவிட்டு, "என்ன, பிடியே இல்லையே? அழுத்துங்க. நல்லா அழுத்துங்க" என்றார். வலிக்கிறது என்று சொன்னேன். தெளிவாக, காதில் விழும்படிதான் சொன்னேன். "வலிக்கத்தான் செய்யும், வலிக்குப் பயந்தா கை வராது" என்று பதில் வந்தது. அதோடும் விடவில்லை. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் திருப்பினார். திருப்பினார் என்பது சின்ன வார்த்தை, முறுக்கினார். முன்கையில் இரண்டு எலும்பு இருக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று உருண்டால்தான் கை திரும்பும். அதில் ஒன்று, ஆரை எலும்பு, மணிக்கட்டுப் பக்கம் உடைந்து, வாரக்கணக்கில் அசையாமல் கட்டுக்குள் கிடந்திருக்கிறது. அந்தத் திருப்பத்தைத்தான் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு நாளும் நூலளவு நூலளவாகக் கூட்டிக்கொண்டு வருகிறார். இவர் ஒரே இழுப்பில் கொண்டுவரப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்தார்.

அறையின் அந்தப் பக்கம் இருந்த என் தோழி எழுந்து வந்தாள். ஒன்றும் கத்தவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து எடுத்துவிட்டாள். "விடுங்க, அது இன்னும் ஆறலை" என்றாள். அப்போதுதான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார், என்னைப் பார்த்துக்கூட இல்லை, சுற்றி இருந்தவர்களைப் பார்த்து: "கட்டுதான் பிரிச்சாச்சே, இன்னும் என்ன?"

என்னை எரித்தது அவர்கூட இல்லை. அதைக் கேட்டு அந்த அறையில் சிலர் தலையாட்டினார்கள். எனக்கு நண்பர்கள் அவர்கள், கட்டோடு இருந்த காலத்தில் எனக்காக ஓடி ஓடி வந்தவர்கள். அவர்களும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

கட்டு பிரிப்பது என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைந்து வீங்குகிறது. 2, 3 வாரத்தில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒரு இணைப்பு உண்டாகிறது. அப்புறம் அது கெட்டிப்பட்டு எலும்பாகிறது. பெரியவர்களுக்கு மணிக்கட்டு முறிவு என்றால் பெரும்பாலும் 6 வாரம் போலக் கட்டு. பிரிக்கும்போது டாக்டர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எலும்பு பிடித்துக்கொண்டது, இனி வெளியிலிருந்து தாங்கல் வேண்டாம். கை வந்துவிட்டது என்று அவர் சொல்வதில்லை. அந்த எலும்பு தன்னைத்தானே செதுக்கிக்கொண்டு பழைய வடிவத்துக்கு வர மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடத்தையும் தாண்டும். அதற்கிடையில் தசை வற்றிப்போயிருக்கும், மூட்டு இறுகிப்போயிருக்கும், தோல் செதில் செதிலாக உரியும், தூளியில் தொங்கவிட்ட பாவத்துக்கு உடையாத தோள்கூடப் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டுக்குள் இருந்த கைக்காவது ஒரு காவல் இருந்தது. பிரித்த அன்றைக்குத்தான் அந்தக் கை இருப்பதிலேயே பலவீனமான கை. சரியாக அன்றைக்குத்தான் எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இது ஏதோ அபூர்வமான வியாதியாக இருந்தால் மக்களுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டு உடைவது உலகத்தில் அன்றாடம் நடக்கிறது. டப்ளினில் இருந்த ஆபிரகாம் காலிஸ் என்ற அறுவை மருத்துவர் 1814-லேயே இந்த முறிவைப் பற்றி எழுதிவிட்டார், இன்றைக்கும் இதற்கு அவர் பெயர்தான். எக்ஸ்ரே 1895-ல்தான் வருகிறது. அதாவது எலும்பைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில், கையைத் தொட்டே கண்டுபிடித்திருக்கிறார். அவரும் நோயாளிக்கு ஆறுதலாக, வெகுகாலம் கழித்து கை முழுசாக அசையும், வலியும் போய்விடும் என்றுதான் எழுதினார். வெகுகாலம் கழித்து! இருநூறு வருடத்துக்கு முந்தைய மனிதருக்கு இருந்த பொறுமை, நேற்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவருக்கு இல்லை.

என் நண்பர்களைப் பற்றிக் குறைவாக எழுதிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டோடு இருந்தபோது அவர்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை. ஒருத்தி வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து தலை பின்னிவிட்டாள். ஒருவன் நான் சொல்லச் சொல்ல என் அலுவலகக் கடிதங்களையெல்லாம் தட்டச்சு செய்தான், அவன் வேலையை விட்டுவிட்டு. குளிக்கும் முன் கட்டில் தண்ணீர் படாமல் உறை போட்டு இறுக்கிவிட ஒரு ஆள் வேண்டும், சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும், பற்பசை மூடியைத் திறக்க ஆள் வேண்டும். யாருக்கும் சொன்னால் புரியாத ஒன்று இருக்கிறது: வலது கை உடைந்தால் வெட்ட முடியாமல் வளர்வது இடது கை நகம். அதை நான் வாய் திறந்து கேட்கவே இல்லை. ஒரு நாள் வந்தவள் பார்த்தாள், நகவெட்டியை எடுத்தாள், பேசிக்கொண்டே வெட்டிவிட்டுப் போனாள். "எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளு" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். அப்படிச் சொன்னவர்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை, யாராலும் கேட்க முடியாது. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வர்றேன்" என்று சொல்கிறவர்களால்தான் நான் நடமாடினேன்.

அதில் ஒரு விஷயத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கட்டுப் போட்ட முதல் ராத்திரி வலி குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. விரல்கள் வீங்கி, நுனி மரத்துப்போய், நிறம் மாறிக்கொண்டு வந்தது. அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாம் "புதுக் கட்டு அப்படித்தான் இருக்கும், தூங்கினா சரியாயிடும்" என்றார்கள். மாத்திரை போட்டும் வலி கேட்கவில்லை. நேற்று என் கையை மீட்ட அதே தோழிதான் அன்றைக்கும் என் விரல் நுனியை அழுத்திப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தாள். மருத்துவமனையில் உடனே கட்டை நெடுக வெட்டித் தளர்த்தினார்கள். உள்ளே வீக்கம் ஏற ஏற இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் தசையே செத்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது அவள் முகம் வெளிறிவிட்டது. தூங்கினால் சரியாகுமாம்! இப்படிச் சொல்கிறவர்களை நான் மன்னிக்கவே போவதில்லை. கட்டுப் போட்ட யாருக்காவது வலி ஏறினால், விரல் மரத்தால், நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ, விரலை நீட்டினால் உயிர் போனால், வீட்டில் இருக்கும் யாரையும் கேட்காதீர்கள். கிளம்புங்கள்.

இவ்வளவு செய்த கூட்டம்தான் கட்டு பிரித்ததும் கலைந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக ஒரு கட்டு கண்ணுக்குத் தெரிந்தால் பேருந்தில் முன்பின் தெரியாதவர்கூட எழுந்து இடம் கொடுக்கிறார். அது போனதும் இடமும் போனது, கூட்டத்தில் இடிக்கிறார்கள், கனமான பையைக் கையில் திணிக்கிறார்கள், "கொஞ்சம் பிடிங்க" என்கிறார்கள். நண்பர்கள் குழுவில் உதவி கேட்டால், "இன்னுமா?" என்று ஒருவர் பதில் போடுகிறார். இன்னும்தான்! இன்னும் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. இன்னும் ஈரத்துணியைப் பிழிய முடியாது. இன்னும் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது. காலையில் எழுந்தால் விரல்கள் விறைத்து முஷ்டி மூட மறுக்கின்றன, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாக மடக்கிப் பழக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் பல தடவை. வலியோடு. தனியாக.

முழுக்கத் தனியாக என்று சொன்னால் பொய். அந்தத் தோழி வருகிறாள். ஒரு நோட்டு வைத்திருக்கிறாள், பிசியோவில் கோணமானி வைத்து அளந்து சொல்லும் எண்ணையெல்லாம் தேதி போட்டு எழுதுகிறாள். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று நான் சோர்ந்துபோகும்போது பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறாள். என் கையை அவளாக ஒரு முறைகூட அமுக்கியதில்லை, மடக்கியதில்லை. எதிரே உட்கார்ந்து தன் கையையும் என்னோடு சேர்த்து மடக்குவாள், அவ்வளவுதான். நண்பராக இருந்து உதவ விரும்புகிறவர்களுக்கு அதற்கு மேல் என்ன தெரிந்திருக்க வேண்டும்? கையை விடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதையும் கொட்டிவிடுகிறேன். நான் பிசியோவுக்குப் போகும் இடத்துக் கதவு. எலும்பு முறிந்தவர்கள் மட்டுமே வரும் அறை அது. அதற்குக் கனமான, தானாக மூடிக்கொள்ளும் கதவு. அதில் உருண்டைக் கைப்பிடி! பிடித்துத் திருப்பினால்தான் திறக்கும். மணிக்கட்டு உடைந்தவரால் எது முடியாதோ சரியாக அதைச் செய்தால்தான் மணிக்கட்டு வைத்தியத்துக்கே உள்ளே போக முடியும். கீழே அழுத்தினால் திறக்கிற நீளக் கைப்பிடி ஒன்று போட்டால் முழங்கையாலேயே திறந்துவிடலாம். அதைப் போட யாருக்கும் தோன்றவில்லை. போன வாரம் நான் வெளியே நிற்கிறேன், கையில் பை, இடது கையால் திருப்பினால் கதவின் கனத்தைத் தள்ள முடியவில்லை. உள்ளே ஒருவர் நிற்கிறார், கண்ணாடி வழியாகத் தெரிகிறது, இரண்டு கையிலும் கட்டு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம், கதவு மட்டும் திறக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வந்த தோழிதான் திறந்தாள்.

உள்ளே போய்க் கேட்டதற்கு, புகாராக எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்று ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினார்கள். வலது கை உடைந்தவளிடம் எழுதித் தரச் சொல்கிறார்கள்! அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். தாள் போதாமல் பின்பக்கமும் எழுதினாள்.