புதுப் பெட்டி வந்துவிட்டதாம்

2025 ஜூன் 5 அன்று நிண்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 என்ற கேம் விளையாடும் பெட்டி விற்பனைக்கு வந்தது. அன்று மதியமே மச்சான் வாட்ஸப்பில் ஒரு வீடியோவை அனுப்பி, "மாப்ள, இனி உன் காட்டுல மழைதான்" என்று எழுதியிருந்தார். நான் கட்டைவிரல் மட்டும் அனுப்பினேன். அவர் விடவில்லை. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், எந்தப் புது மெஷின் செய்தி வந்தாலும், "நம்ம கேம் அதுல எப்ப வருது?" என்று கேட்கிறார். பந்தியில் நின்று பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நானும் ஒரு நண்பனும் சேர்ந்து கேம் செய்கிறோம். நான் புரோகிராம் எழுதுவேன், அவன் படம் வரைவான். டவுன் பஸ் கண்டக்டராகக் கூட்டத்துக்குள் புகுந்து, டிக்கெட் கிழித்து, சரியான சில்லறை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். ஆண்ட்ராய்டு போனிலும், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமிலும் இருக்கிறது. சோற்றுக்கு ஆகும் வருமானம் இல்லை, குழம்புக்கு ஆகும்.

மச்சான் சொல்வதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. 2017 மார்ச் 3 அன்று முதல் ஸ்விட்ச் வந்தபோது, அதற்கு முந்தைய பெட்டியான வீ யூவின் கேம்கள் அதில் ஓடாது. டிஜிட்டல் கடையைத் திறந்தால் அலமாரி கிட்டத்தட்டக் காலி. புது மெஷின் வாங்கியவருக்குக் கை சும்மா இருக்குமா? இருப்பதை எடுத்து விளையாடினார்கள். எரிக் பரோன் என்பவர் தனி ஆளாக வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த ஸ்டார்டியூ வேலி அந்த அக்டோபரில்தான் ஸ்விட்சுக்கு வந்தது. அப்படியும் அந்த வருடம் ஸ்விட்சில் அதிகம் டவுன்லோட் ஆன கேம் அதுதான். விவசாயம் பார்க்கிற கேம்! கேம் நல்ல கேம், மறுக்கவில்லை. ஆனால் குடியேற ஆரம்பித்த புது லேஅவுட்டில் முதல் டீக்கடை போட்டவருக்குக் கிடைக்கும் கூட்டமும் அதில் சேர்த்தி.

இப்போது வருகிற லேஅவுட்டில் குடியேறும் முன்பே ஊரில் உள்ள எல்லா டீக்கடையும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஸ்விட்ச் 2 நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை அதில் அப்படியே ஓடுகின்றன. வாங்கியவர் கையில் எட்டு வருடத்துச் சேமிப்பு முதல் நாளே தயார். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-உம் அப்படித்தான், முந்தைய பெட்டியின் கேம்களைக் கையோடு கூட்டி வந்தது. 2022 பிப்ரவரியில் வந்த, கையில் பிடித்து விளையாடும் ஸ்டீம் டெக் இன்னும் மேலே போய், ஏற்கெனவே நீங்கள் ஸ்டீமில் வாங்கி வைத்திருக்கும் நூலகத்தையே கைக்குள் கொடுத்துவிட்டது. வாங்குகிறவருக்கு இதெல்லாம் நியாயமான ஏற்பாடு. நானும் ஒரு வாங்குகிறவன், எனக்கும் பிடிக்கும். விற்கிறவனாக யோசித்தால்தான் வயிறு கலங்குகிறது. 2024-இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேல் புது கேம்கள் வந்தன. அந்தக் குவியலுக்குள் என் பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கிறது என்று யார் தேடப் போகிறார்கள்?

அலமாரி காலியாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஊயா என்று ஒரு பெட்டி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2012-இல், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 85 லட்சம் டாலர் திரட்டினார்கள். 99 டாலர்தான் விலை, சின்ன டெவலப்பர்களுக்கென்றே செய்த கன்சோல் என்றார்கள். 2013-இல் கடைக்கு வந்தது. அலமாரி காலி, கடைத்தெருவும் காலி. 2015-இல் ரேசர் கம்பெனி வாங்கியது, 2019 ஜூனில் சர்வரையே அணைத்துவிட்டார்கள். கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிளின் விஷன் ப்ரோ 3,499 டாலர். அந்தக் காசுக்கு இங்கே ஒரு புல்லட் வாங்கி, மிச்சத்தில் பல மாதம் பெட்ரோலும் போடலாம். அதற்குக் கேம் செய்து யாருக்கு விற்பது?

கூட்டம் வந்திருக்க வேண்டும், சரக்கு இன்னும் வந்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்த சில மாதங்கள்தான் புதுப் பெட்டி எங்களுக்குக் கொடுத்த வரம். பழைய கேமெல்லாம் புதுப் பெட்டியில் ஓட ஆரம்பித்த பிறகு அந்த மாதங்கள் போய்விட்டன.

"அப்ப புனேக்காரங்க எப்படி?" என்று மச்சான் கேட்பார். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ராஜி, 2020 ஆகஸ்ட் 18 அன்று முதலில் ஸ்விட்சில்தான் வந்தது. அப்போது ஸ்விட்சுக்கு வயது மூன்றைத் தாண்டிவிட்டது, அலமாரி நிரம்பி வழிந்தது. ஆனால் நிண்டெண்டோ தன் நிகழ்ச்சியிலேயே அந்தக் கேமைக் காட்டி, இன்றே கிடைக்கும் என்று அறிவித்தது. கடைக்காரரே கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தால் கதை வேறு. எங்களை அப்படி யாரும் கூப்பிடவில்லை. (ஸ்விட்ச் 2-க்கு டெவலப்பர் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவு பேசிவிட்டு அதை மறைத்தால் தப்பு.)

சரி, வரம் போனாலும் வேலை போகவில்லை. போன வருடம் எங்கள் ஆண்ட்ராய்டு கேமுக்கு ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு ரிவ்யூ வந்தது: "சில்லறை பெட்டி மடிப்புல மாட்டிக்குது." மடக்கு போனாம். எங்கள் இரண்டு பேரிடமும் அது கிடையாது, அந்த விலைக்கு எங்கள் கம்பெனியையே வாங்கிவிடலாம். கோவை காந்திபுரத்தில் ஒரு போன் ஷோரூமுக்குப் போனேன். "என்ன பட்ஜெட்ல பாக்கறீங்க சார்?" என்று தம்பி ஒருவர் வந்தார். டெமோ போனில் எதையும் இன்ஸ்டால் செய்ய விட மாட்டார்கள் என்று தெரியும், அதனால் முதல் நாள் இரவே கேமை பிரவுசரில் ஓடும்படி செய்து ஏற்றி வைத்திருந்தேன். ஸ்கிரீன் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் அதைத் திறந்தேன். பாதி மடித்த நிலையில், ஐந்து ரூபாய் நாணயம் சரியாக மடிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. விரல் வைத்தால் பக்கத்திலிருக்கும் இரண்டு ரூபாய்தான் வருகிறது. தம்பிக்கு ஆர்வம் வந்து, மூன்று ட்ரிப் அடித்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே, அடுத்த மாடலிலும் திறந்து காட்டினார். வீட்டுக்கு வந்து சரிசெய்ய மூன்று நாள் ஆனது. அந்த ரிவ்யூ இன்னும் ஒரு நட்சத்திரமாகவே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத வேலையும் உண்டு. நினைவகத்தை 4 கேபி துண்டுகளாகப் பிரிக்கும் ஆண்ட்ராய்டில், புது போன்களுக்காக 16 கேபி துண்டுகளும் வந்தன. ஆப் சீக்கிரம் திறக்கும், நல்ல விஷயம்தான். 2025 நவம்பரிலிருந்து புது ஆண்ட்ராய்டுக்கான அப்டேட் எதுவானாலும் இதற்கு ஒத்துவர வேண்டும் என்று கூகுள் பிளேயில் விதி. நாங்கள் விளம்பரத்துக்காகச் சேர்த்திருந்த, வேறொருவர் எழுதிய ஒரு பழைய பிளக்இன் (கேமோடு ஒட்டவைக்கும் துணை புரோகிராம்) ஒத்துவரவில்லை, அதை எழுதியவர் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. அதைச் சேர்த்தது நான்தான், நண்பன் இன்னும் குத்திக் காட்டுகிறான். கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இஞ்சினை மாற்றி, பிளக்இன்னைப் பிடுங்கி, எல்லாம் முடிய ஒன்றரை மாதம். கேமில் ஒரு புது பஸ் ரூட்கூடச் சேரவில்லை.

ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் நன்றி சொல்வேன். ஸ்டீம் டெக்குக்கு ஏற்ற கேம் என்று சான்று வாங்க, திரையின் 1280க்கு 800 அளவில் எந்த எழுத்தும் 9 பிக்சல் உயரத்துக்குக் குறையக் கூடாது. ஆங்கிலத்துக்கு அது போதும். எங்கள் டிக்கெட்டில் 9 பிக்சலில் பீளமேடு என்று போட்டால் பிளமேடு என்று தெரிகிறது, பீயின் சுழி அப்படியே கரைந்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் எல்லா எழுத்தையும் பெரிதாக்கினோம். டெக்கில் எங்கள் கேமை விளையாடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அப்புறம் போனில் "எழுத்து தெரியல" என்ற புகார் நின்றது.

போனில் விளையாடுகிறவர்கள் யார் என்று கணக்கு பார்த்தால், பெரும்பாலும் நாலைந்து வருடப் பழைய மாடல்கள். என் அம்மாவின் போன் அந்த ரகம். கண்ணாடியில் விரிசல், 3 ஜிபி ராம், கல்யாண வீடியோக்களால் நிரம்பியது. எங்கள் கேம் அதில் திறக்க 28 நொடி எடுக்கிறது. அம்மா அதற்குள் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார், சில நாள் வருவதே இல்லை. ஆகவே மச்சான், ஸ்விட்ச் 2 இருக்கட்டும். இந்த வாரம் அந்த 28-ஐ 10-க்குக் கொண்டுவருகிற வேலை.