முருங்கைக்கீரையில் பி12 கிடைக்காது
சாளையும் நெத்திலியும் உண்டு வளர்ந்த நம் குமரி மாவட்டத்தார் நடுவயதில் சைவத்துக்கு மாறினாலும், அன்றாடம் முருங்கைக்கீரை சேர்த்தால் வைட்டமின் பி12 குறையாது என்று மேலே ஒரு நண்பர் எழுதியுள்ளார். கீரை நல்லதுதான், ஆனால் பி12-ஐ உருவாக்குபவை நுண்ணுயிரிகளே என்பதால், முருங்கையில் அதை எதிர்பார்க்க இயலாது. கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், மீனை நிறுத்தியவுடன் குறைபாடு தெரிவதில்லை. அசதியும் கால் மரத்துப்போவதும் தாமதமாகவே தலைகாட்டும் என்பதுதான் எனக்குக் கவலை. பாலிலும் தயிரிலும் பி12 உண்டு; அவற்றையும் தவிர்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது அவசியம். அமெரிக்க வேளாண் துறையின் இலவச உணவுத் தரவுத்தளத்தில் முருங்கை இலையைத் தேடினால், பி12-க்கு நேரே பூஜ்யம் இருப்பதை எவரும் காணலாம். தம் உடலின் அளவை நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஓர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்து அறியலாம்.