வாத்து ஏன் விழவில்லை

போன வருசம் இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டேன். சின்ன வயதில் உயிரை விட்டு விளையாடிய டீவி கேம் எல்லாம் இப்ப விளையாடிப் பார்த்தால் வெறும் குப்பை, நம்மட நினைவுதான் அதுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறது என்று. நிறையப் பேர் சிரிப்புக் குறி போட்டீர்கள். அந்தப் பதிவை வாபஸ் வாங்குகிறேன்.

லீவில் வந்து பத்து நாள். தங்கச்சி வீட்டுக் கூரை, வங்கி, அடையாள அட்டை என்று செய்ய வேண்டிய வேலை வரிசையாகக் கிடக்கிறது, ஒன்றையும் தொடவில்லை. தாண்டவன்வெளியில் அம்மாவின் முன் அறையில் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து டீவி கேமில் வாத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். 38 வயது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

டோஹாவில் எங்கள் அறையில் நாலு பேர். அதில் ஒருத்தனுக்கு ஊர் சாய்ந்தமருது. ஒரு வெள்ளிக்கிழமை சோறு தின்றுவிட்டுச் சும்மா கிடக்கும்போது, “மச்சான், செங்கல் சுவருக்குள்ள தாங்கி ஓட்டுவமே, கீழ நடுவில ஒரு குருவி இருக்கும், அத சுட விடப்படாது, அந்தக் கேம் பேரென்ன?” என்று கேட்டான். எனக்கும் பேர் தெரியாது. எங்கள் வீட்டில் அது ‘தாங்கி’ (டாங்க்), அவ்வளவுதான். பேர் எப்படித் தெரியும், கசட்டில் ‘9999999 இன் 1’ என்று மட்டும்தானே ஒட்டியிருந்தது. (ஒருநாள் மழையில் பள்ளிக்கூடம் இல்லாமல் அண்ணாவும் நானும் இருந்து எண்ணினோம். கோடிக் கணக்கெல்லாம் இல்லை, பத்துப் பதினைந்து கேம்தான். அதே கேமை இரண்டாம் கட்டத்தில் இருந்து தொடங்கவிட்டு வேறு நம்பர் போட்டிருந்தான்கள்.) அன்று பின்னேரம் வரைக்கும் தேடித்தான் கண்டுபிடித்தோம்: பேட்டில் சிட்டி, நம்கோ கம்பனி, 1985. குருவி இல்லையாம், கழுகாம். கோபம் வந்தால் நம்மட தாங்கியாலேயே அதைச் சுட்டு ஆட்டத்தை முடித்துவிடலாம், அண்ணா தோற்கப்போகிற நேரமெல்லாம் அதைத்தான் செய்வான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஃபோனில் இறக்கினோம். ஃபோனைப் பழைய கேம் பெட்டி மாதிரி நடிக்க வைக்கிற எமுலேட்டர், ஒரு புளூடூத் கைப்பிடி. இது சட்டப்படி சரியா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 வீதம் இன்று முறையாக வாங்கிக்கொள்ள வழியில்லாமல் கிடக்கிறது என்று 2023 இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கெடுத்துச் சொன்னது. விற்காத சாமானை எந்தக் கடையில் போய் வாங்குவது? மட்டக்களப்புக்கு எந்தக் காலத்தில் ஒரிஜினல் கசட் வந்தது? கள்ளக் கசட் இல்லாவிட்டால் எங்களுக்கு மரியோ என்று ஒருத்தன் இருந்ததே தெரிந்திருக்காது.

சரி, ஏமாற்றத்துக்கு வருகிறேன். மரியோ ஒவ்வொரு குழியிலும் விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு தாண்டின குழிகள் அவை. கொன்ட்ரா என்கிற சுடுகிற கேமில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அமத்தினால் முப்பது உயிர், அது மட்டும் விரல் மறக்கவில்லை. ஆனால் நினைத்த இடத்தில் சேமித்து, செத்தால் திரும்பிப் போய், ஒரு இரவில் முடித்துப்போட்டுப் படுத்தேன். ஒரு சந்தோஷமும் இல்லை. போதாக்குறைக்கு மரியோ பாட்டு ஏதோ கலைபட்ட மாதிரி அவசரமாக ஓடியது. அந்தக் கடுப்பில் எழுதியதுதான் போன வருசப் பதிவு.

அப்புறம் டோஹாவில் ஒரு மலிவுக் கடையில் துவக்கோடு சேர்த்து ஒரு டீவி கேம் பெட்டி கண்டேன். விடவில்லை. அறையில் இருந்த தட்டை டீவியில் கொழுவி வாத்தைச் சுட்டால் ஒன்றுகூட விழவில்லை. நாய் மட்டும் புல்லுக்குள் இருந்து எழும்பி எழும்பிச் சிரித்தது. சாய்ந்தமருதுக்காரன் கட்டிலில் உருண்டு சிரித்தான். துவக்குப் பழுது என்று நினைத்துத்தான் பெட்டிக்குள் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தேன், மருமகன் சும்மா வைத்து விளையாடட்டும் என்று.

அம்மாவின் பழைய பெட்டி டீவி இன்னும் முன் அறையில், மேலே பூப்போட்ட துணி, அதுக்கு மேலே சாமிப்படம். படத்தை எடுத்து வைத்துவிட்டு மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் குத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், கண்ணாடியில் கையை வைத்தால் மயிர் எழும்பும் அந்த மின்சாரம், பிறகு மெல்ல வெளிச்சம். முதல் வாத்து, முதல் வெடி. விழுந்தது. மருமகன் கத்தினதை விட நான் கத்தினதுதான் அதிகம்.

விசயம் இதுதான். அந்தத் துவக்கில் இருந்து டீவிக்கு ஒன்றும் போவதில்லை, டீவியில் இருந்துதான் துவக்குக்கு வெளிச்சம் வருகிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். துவக்கின் வாயில் இருக்கிற கண் அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து செத்தது. தட்டை டீவி படத்தை வாங்கி, யோசித்து, பிந்தித்தான் காட்டுகிறது. வெள்ளை வரும்போது கேம் பார்த்து முடித்துவிட்டது. இந்த வாத்துக் கேமைச் செய்த நிண்டெண்டோவே 2014 இல் இதை (பேர் டக் ஹன்ட்) தன்னுடைய வீ யூ என்கிற கேம் பெட்டியில் திரும்ப விட்டபோது துவக்கு இல்லை, ரிமோட்டைத்தான் நீட்ட வேண்டியிருந்தது. சின்னனில் துவக்கை மின்குமிழுக்கு நேரே பிடித்து ஏமாற்றப் பார்த்தோம், பலிக்கவில்லை. திரை கறுத்த கணத்திலும் துவக்கு வெளிச்சம் கண்டால் கேம் அதைக் கணக்கில் எடுக்காது, அந்தக் கறுப்புத் திரை இருந்தது எங்களைப் போன்ற கள்ளரைப் பிடிக்கத்தான் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

மரியோ குழியில் விழுந்ததும் அதே பிந்தல்தான். என் விரல் சரியான நேரத்துக்குத்தான் அமத்தியிருக்கிறது, கைப்பிடியும் ஃபோனும் சேர்ந்துதான் தாமதம். பாட்டுக்கும் காரணம் இருக்கிறது: நம்மட நாட்டு டீவி ‘பால்’ (PAL) என்கிற முறை, 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தரம் திரை புதுப்பிக்கும், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. 50 க்கு ஓடுகிற பெட்டியில் அந்தப் பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக வரும். நான் மெதுவான மரியோவோடு வளர்ந்தவன். ஃபோனில் கேட்டது ஜப்பான்காரனுடைய மரியோ. ஆக நினைவு பொய் சொல்லவில்லை, ஃபோன்தான் சொன்னது. “பழசெல்லாம் இப்ப பார்த்தா ஒண்டுமில்ல மச்சான்” என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எதில் பார்த்தாய்?

எங்கள் முதல் டீவி கேம் பெட்டி 1998 இல் சவூதியில் இருந்து மாமா கொண்டுவந்தது. அதன் துவக்கு கறுப்பு, கைத்துப்பாக்கி மாதிரியே அச்சு அசல். அம்மா அதைக் கண்ட அன்றே வயரைச் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டா. “மறுகா ஆமி வந்து கேட்டா என்னத்தச் சொல்ற?” சுற்றிவளைப்பு நடக்கிற காலம், அவ சொன்னதில் பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், தெருப் பக்க ஜன்னல் சாத்தி, அரைமணி நேரம் மட்டும் துவக்கு வெளியே வரும், அரிசித் தூளோடு. அந்த இருட்டறையில் வாத்துக்கள் நல்ல துலக்கமாகத் தெரியும். 2001, 2002 மின்வெட்டுக் காலத்தில் அதுவும் இல்லை. பிறகு நாங்கள் பெரிதாகி, பெட்டியை நாவலடியில் பெரியம்மாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். 2004 டிசம்பரில் அந்த வீடே இல்லாமல் போனது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மருமகனுக்கு ஒன்பது வயது, நாள் முழுக்க ஃபோனில் ஃப்ரீ ஃபயர் என்கிற சுடுகிற கேம். “மாமா, இதில வாத்து திருப்பிச் சுடாதா?” என்று கேட்டான். ஆனால் ஐந்து நிமிடத்தில் துவக்கின் வாயைக் கண்ணாடியில் முட்டவைத்துச் சுட்டால் தப்பாது என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொடியன்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள், முறை வைத்துச் சண்டை. அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை, போகிற போக்கில் தெருப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனா.

பிரச்சினை என்னவென்றால் டீவியில் சிவப்பு நிறம் மங்கத் தொடங்கிவிட்டது. டவுனில் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன், “குழாய் போனா இனிச் சாமான் வராது தம்பி” என்றார். ஆகவே மட்டக்களப்பு, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் யார் வீட்டிலாவது 21 அங்குலப் பெட்டி டீவி மூலையில் கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாமல் இன்பொக்ஸில் சொல்லுங்கள். லீவு முடிய இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, ஓட்டோவில் வந்து நானே ஏற்றிக்கொள்கிறேன். துவக்கையும் கொண்டுவருவேன், சுட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன்.