தேர்ட் பார்ட்டி காப்புறுதி உங்கள் காருக்குக் காசு தராது

“தேர்ட் பார்ட்டி காப்புறுதி எடுத்தாலே போதும், எங்கே அடிபட்டாலும் கம்பனி திருத்தித் தரும்” என்றொரு செய்தி யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை. அது இல்லாமல் பிரதேச செயலகத்தில், வாகனத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய வருமான அனுமதிப் பத்திரத்தை எடுக்க முடியாது. அது உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு வரும் உயிரிழப்புக்கும் காயத்துக்குமான பாதுகாப்பு. ஒழுங்கைக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது மதிலில் உரசிப் பின்பம்பர் கழன்று தொங்கினால், அந்தச் செலவு முழுக்க உங்களுடையதே.

அதற்கு வேண்டியது முழுக் காப்புறுதி. சரி, அது ஏன் அவ்வளவு விலை? கட்டணம் காரின் பெறுமதியைப் பார்த்தே போடப்படுகிறது. முதன்முதலாக எடுப்பவருக்கு, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான கழிவும் இராது. கையெழுத்து வைக்கமுன், ஒவ்வொரு விபத்திலும் நீங்கள் முதலில் கட்டவேண்டிய தொகை எவ்வளவு, அனுபவம் குறைந்த சாரதிக்கு அது கூடுமா என்று கேளுங்கள். லைசென்ஸ் இல்லாத தம்பியிடம் திறப்பைக் கொடுத்து அவர் இடித்தால், முழுக் காப்புறுதி இருந்தும் உங்கள் காருக்குக் காசு கிடைக்காது.